அவுட்டர் ஹெப்ரிடிஸ்: இரண்டாம் முறை, அவசரமில்லாமல்

கேள்வி: ஸ்காட்லாந்தின் மேற்கே இருக்கும் அவுட்டர் ஹெப்ரிடிஸ் தீவுகளுக்கு மறுபடியும் காரோடு போகிறோம், 10 நாள். இந்த முறை நிதானமாகச் சுற்ற எந்த வழி நல்லது?

பதில் 1: தெற்கிலிருந்து வடக்கே போங்க. ஸ்காட்லாந்துக் கரையிலுள்ள ஓபனிலிருந்து பாரா தீவின் துறைமுகமான காசில்பேக்குக் கப்பல் ஏறக்குறைய 5 மணி நேரம். பாராவிலிருந்து எரிஸ்கே தீவுக்குக் கப்பலில் 40 நிமிடம். அங்கிருந்து பெர்னரே தீவு வரை காரிலேயே போகலாம்; தீவுகளுக்கு நடுவே கடலுக்குள் போட்ட சாலைகள்தான். பெர்னரேயிலிருந்து ஹாரிஸிலுள்ள லெவர்பரோவுக்குக் கப்பலில் 1 மணி நேரம். அங்கிருந்து காரில் வடக்கே லூயிஸிலுள்ள ஸ்டோர்னோவேக்குப் போய், கப்பல் ஏறி ஸ்காட்லாந்துக் கரையிலுள்ள அல்லாபூலில் இறங்கலாம். பாராவுக்கு 3 இரவாவது ஒதுக்குங்க; கடல்நீர் வற்றும் நேரம் பார்த்து அங்கே கடற்கரை மணலிலேயே விமானம் இறங்கும், அவசியம் பார்க்கணும்.

பதில் 2: முதலில் கப்பலில் காருக்கு இடம், பிறகுதான் தங்குமிடம். லெவர்பரோ கப்பல் பாறைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும். நீர்மட்டம் ரொம்பக் குறைந்தால் நேரம் மாறும். காற்று பலமாக அடித்தால் கப்பலே ரத்தாகும். ஊர் திரும்பும் விமானத்துக்கு முன் 2 நாளைக் காலியாக விடுங்க.

பதில் 3: லூயிஸ், ஹாரிஸில் ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். சனிக்கிழமையே பெட்ரோல், பால், ரொட்டி வாங்கிடுங்க.