இலுப்பை மரங்களை வெட்டலாமா, வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி:
நண்பர்களுக்கு வணக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தில் பாட்டனார் வழியாக எங்களுக்கு வந்த புன்செய் நிலத்தின் வரப்போரம் 9 இலுப்பை மரங்கள் நிற்கின்றன. அவற்றை விலைக்குக் கேட்டு ஒரு மர வியாபாரி வந்திருக்கிறார். என் தாயார் சிறுமியாக இருந்த காலத்தில் வீட்டு விளக்குக்கும் ஊர்க் கோயில் விளக்குக்கும் வேண்டிய எண்ணெய் இந்த மரங்களிலிருந்தே கிடைத்ததாம். இப்போது கொட்டைகள் பொறுக்குவாரின்றி மண்ணோடு மண்ணாகின்றன. வெட்டாமல் விட்டால் இவற்றால் வருமானம் ஏதும் உண்டா என்பதை அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
தயவுசெய்து அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள். இலுப்பை மரம் தேருக்கும் வண்டிக்கும் ஆகும் வைரம் பாய்ந்த மரம்தான். ஆனால் அந்தப் பணம் ஒரு முறை மட்டுமே வரும். கொட்டையை உடைத்து எடுக்கும் பருப்பின் எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய். செக்கில் ஆட்டும்போது அதில் ஒரு பகுதி பிண்ணாக்கிலேயே தங்கிவிடும் என்றாலும், கையில் கிடைப்பதே கணிசமானது. எங்கள் மயிலாடுதுறைப் பக்கம் இலுப்பைப்பட்டு என்ற பாடல் பெற்ற தலத்தில் தல மரமே இலுப்பைதான். மின்சாரம் வருவதற்கு முன் எத்தனையோ கோயில்களின் கருவறை இந்த எண்ணெயில்தான் ஒளி பெற்றது. அந்தத் தேவை இன்றும் இருக்கிறது; பொறுக்கி, உலர்த்தி, உடைத்து, செக்குக்குக் கொண்டு சேர்க்கும் ஆட்கள்தாம் இல்லாமற்போனார்கள். நீங்களே ஆட்டி விற்றால், மார்கழிக் குளிரில் எண்ணெய் நெய்போல் உறைவது அதன் இயல்பு என்பதை வாங்குவோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கெட்டுவிட்டதென்று பலர் திருப்பிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மறுமொழி 2:
பிண்ணாக்கை மறந்துவிட வேண்டாம். அதில் உள்ள சப்போனின் என்ற நுரைக்கும் பொருளால்தான் நம் பாட்டிமார் அதை அரப்பாகத் தலைக்குத் தேய்த்துக் குளித்தார்கள்; அதே பொருள் நச்சுத் தன்மை உடையது என்பதால் மாட்டுக்குத் தீவனமாக வைக்கக் கூடாது. நான் மீன் வளர்ப்பவன். குஞ்சு விடுவதற்கு முன் குளத்தில் உள்ள விரால், கெளுத்தி போன்ற குஞ்சு தின்னும் மீன்களை அகற்ற, ஒரு மீட்டர் ஆழ நீருள்ள ஒரு ஹெக்டேருக்கு 2,500 கிலோ இலுப்பைப் பிண்ணாக்கு இடுவது வழக்கம். சுமார் மூன்று வாரங்களில் நஞ்சு தணிந்ததும் அதுவே குளத்துக்கு உரமாகிறது. செக்குக்காரர் கூலிக்காகப் பிண்ணாக்கை எடுத்துக்கொள்ளக் கேட்டால், அதன் விலையை விசாரித்த பிறகே சம்மதியுங்கள்.

மறுமொழி 3:
பணி நிமித்தம் சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் சில ஆண்டுகள் இருந்தேன். அங்குள்ள மரம் நம்முடையதைவிட அகன்ற இலை கொண்ட வகை. அங்கு கொட்டையைவிடப் பூவுக்கே மதிப்பு அதிகம். கோடையின் தொடக்கத்தில் விடியும் முன்பே பழங்குடிக் குடும்பங்கள் கூடையோடு மரத்தடிக்குப் போய், இரவில் உதிர்ந்த சதைப்பற்றுள்ள பூக்களைப் பொறுக்கி உலர்த்தி, உணவாகவும் மதுவாகவும் ஆக்குவதோடு சந்தையிலும் விற்கிறார்கள். ‘ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை’ என்று நாம் பழமொழியாகச் சொல்வதை அவர்கள் இன்றும் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். 2013-14இல் ஒன்றிய அரசு தொடங்கிய சிறு வன விளைபொருள் ஆதரவு விலைத் திட்டத்தில் இலுப்பைக் கொட்டையும் இடம்பெற்றது. அது காட்டில் சேகரிப்போருக்கானது. உங்கள் பட்டா நிலத்துக்கு அதை எதிர்பார்க்க முடியாது.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. வியாபாரியிடம் மறுத்துவிட்டேன். வரப்பில் இடைவெளி உள்ள இடங்களில் புதிய கன்றுகள் வைக்க விரும்புகிறேன். கொட்டையைச் சேமித்து வைத்து ஐப்பசி மழையில் ஊன்றலாமா?

மறுமொழி 1:
வேண்டாம். இலுப்பை விதை சில வாரங்களிலேயே முளைப்புத் திறனை இழந்துவிடும். பழம் உதிர்ந்தவுடன், வௌவால் சதையைத் தின்று போட்ட கொட்டைகளில் புழு துளைக்காதவற்றைத் தேர்ந்து உடனே பைகளில் ஊன்றி, கன்றுகளை ஐப்பசியில் நடுங்கள். காய்க்கப் பத்து ஆண்டுகளாவது ஆகும். அதுவரை பழைய மரங்கள் ஒன்பதும் உங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும்.