853 ஸ்டிக்கர் ஒட்டினால் ஃபிரேம் விறைப்பாகிவிடுமா?

அரைமில்லி:
தனியாளா ஸ்டீல் ஃபிரேம் கட்டித் தர்ற ஒருத்தர்கிட்ட சைக்கிள் சொல்லப் போறேன், என்ன பார்க்கணும்னு நேத்து புதுமிதி தம்பி கேட்டிருந்தார். அதுக்கு நம்ம மலைமிதி சார் அருளின பதில் இது: "853 குழாய் போடுவாரான்னு கேளுங்க. 4130தான்னு சொன்னா எழுந்து வந்துடுங்க. 853 நாற்பது சதவீதம் அதிக விறைப்பு."

853, 4130 ரெண்டும் எஃகுக் குழாய் வகைகளோட நம்பர். 853 ரெனால்ட்ஸ் கம்பெனியோடது, அதுல கட்டின ஃபிரேம்ல அந்த நம்பர் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க. நாற்பது சதவீதமாம். எந்தத் தராசுல நிறுத்தார்னு தெரியலை. 1935ல வந்த ரெனால்ட்ஸ் 531 ஆகட்டும், 4130 ஆகட்டும், 853 ஆகட்டும், எல்லா எஃகுக்கும் யங் குணகம், அதாவது நெளியாம எதிர்த்து நிக்கிற அளவு, ஏறக்குறைய 200 ஜிகாபாஸ்கல். குரோமியம் சேர்த்தாலும் மாலிப்டினம் சேர்த்தாலும் அது அசையாது. 853 வலிமையில கூடுதல், அதை மறுக்கலை. அதனாலதான் குழாயோட நடுப்பகுதிச் சுவரை 0.4 மில்லி வரைக்கும் மெலிசா இழுக்க முடியுது. அதே விட்டத்துல மெலிசாக்கினா விறைப்பு குறையும் சார், கூடாது.

மலைமிதி:
வந்துட்டார் வாத்தியார். 4130ல ஒண்ணு, 853ல ஒண்ணு, ரெண்டும் கையால கட்டினது என்கிட்ட இருக்கு. மேட்டுல எழுந்து நின்னு மிதிச்சா பழசு நெளியும், புதுசு பாயும். நீங்க 853 ஓட்டியிருக்கீங்களா? ஆமா இல்லைன்னு ஒரே வார்த்தையில சொல்லுங்க.

லக்_பிரியன்:
குழாய் கிடக்கட்டும். மூட்டு எப்படிப் போடறார்னு கேளுங்க. லக் (மூட்டுல குழாய்களைச் செருகுற உலோக உறை) வெச்சு, வெள்ளிக் கலவையை உருக்கி ஒட்டுற வெள்ளிப்பற்று போட்டா சூடு 650 டிகிரி பக்கத்துலயே முடிஞ்சுடும். பித்தளைப்பற்றுக்கு 900 பக்கம் போகணும். மின்பொறியால பத்தவைக்கிற டிக் வெல்டிங்ல குழாயே உருகுது. குழாயை உருக்கிட்டு அது எந்த நம்பரா இருந்தா என்ன?

மலைமிதி:
அங்கதான் 853 ஜெயிக்குது. வெல்டு பண்ணி காத்துல ஆறினா அது இன்னும் இறுகும். மத்த குழாய் சூட்டுல வலுவிழக்கும், இது வலுக்கும். அதான் நான் சொன்ன விறைப்பு.

அரைமில்லி:
அது வலிமை சார், விறைப்பு இல்ல. மூட்டுப் பக்கம் உடையாம இருக்க உதவும். மிதிக்கும்போது நெளியறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. 200. திரும்பச் சொல்றேன், 200.

மலைமிதி:
ஓட்டியிருக்கீங்களா?

வண்டமிழ்:
ஐயா, விறைப்பு, வலிமை, கடினம் மூன்றும் மூன்று பொருள். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் வரையறுத்துக்கொண்டால் இந்த இழை பாதியில் முடிந்துவிடும். அப்படியே 'வெல்டு', 'ஃபிரேம்' என்பதற்குப் பற்றவைப்பு, சட்டகம் என்று எழுதினால் குறைந்தா போய்விடுவீர்கள்?

லக்_பிரியன்:
லக்குக்கு என்ன தமிழ்னு சொல்லிட்டுப் போங்க, நாளையில இருந்து எழுதறேன்.

வண்டமிழ்:
இணைப்புக் குவளை.

லக்_பிரியன்:
குவளைல தண்ணிதான் குடிப்பாங்க.

புதுமிதி:
அண்ணே, கேள்வி கேட்டவன் நான்தான் :) எனக்கு விறைப்பு பெருசா கவலை இல்ல. உயரம் கம்மி. இப்ப வெச்சிருக்கிற சைக்கிள்ல மெதுவா வளைச்சுத் திரும்பினா ஷூ நுனி முன்சக்கரத்துல இடிக்குது. போன மாசம் அப்படி ஒருதரம் விழுந்தேன், முழங்கை இன்னும் ஆறலை. கட்டறவர் ஹெட் ஆங்கிளை (ஹேண்டில் நிக்கிற முன்குழாயோட சாய்வு) 73 டிகிரில இருந்து 71 ஆக்கலாம், ஃபோர்க் ரேக்கை (முன்சக்கர அச்சு அந்தச் சாய்வுக் கோட்டுக்கு முன்னாடி தள்ளி நிக்கிற தூரம்) 45 மில்லில இருந்து 57 ஆக்கலாம்ங்கறார். சரியா வருமா? குழாய் என்னன்னு அவர் சொல்லலை, நானும் கேட்கலை.

மலைமிதி:
குழாய் என்னன்னு சொல்லலையா? தம்பி, உஷார்.

அரைமில்லி:
தம்பி, அந்த ஆள் விஷயம் தெரிஞ்சவர். ஆங்கிளை மட்டும் சாய்ச்சிருந்தா ட்ரெயில் (முன்குழாய்க் கோடு தரையைத் தொடற இடத்துக்கும் சக்கரம் தொடற இடத்துக்கும் நடுவுல உள்ள தூரம்) 70 மில்லி பக்கம் போய் ஹேண்டில் கனத்துப் போயிருக்கும். ரேக்கையும் சேர்த்து நீட்டினதால 700சிங்கற வழக்கமான பெரிய சக்கரத்துக்கு ட்ரெயில் பழையபடி 57 மில்லிலயே நிக்கும், சக்கரம் மட்டும் காலை விட்டு முன்னாடி தள்ளிப்போகும். அப்பவும் இடிச்சா 650பிங்கற சின்னச் சக்கரம் கேளுங்க. ரிம் அளவு 622ல இருந்து 584க்கு இறங்கும், ஆரத்துல 19 மில்லி மிச்சம். கைவேலை ஃபிரேமுக்குப் போறதே இதுக்குத்தான். ஸ்டிக்கருக்காக இல்ல.

இப்ப மலைமிதி சாருக்கு. உங்க ரெண்டு சைக்கிளோட மேல்குழாய் விட்டம் என்ன? அளக்க வெர்னியர் இருக்கா, வாங்கி அனுப்பணுமா?

மலைமிதி:
வெர்னியர் வீட்ல இருக்கு, உங்க தயவு வேண்டாம். அளந்தாச்சு. பழசு 25.4, புதுசு 28.6. மூணு மில்லி. அதனால என்ன குடி முழுகிப் போச்சு?

அரைமில்லி:
😂😂😂

சார், குழாயோட விறைப்பு விட்டத்தோட மும்மடிப் பெருக்கத்துல ஏறும். 28.6ஐ 25.4ஆல வகுத்து மூணு தரம் பெருக்குங்க. 1.43 வரும். அதாவது அதே சுவர்த் தடிப்புல 43 சதவீதம் கூடுதல். உங்க 'நாற்பது' அந்த மூணு மில்லிக்குள்ளதான் ஒளிஞ்சிருந்தது! 4130லயே 28.6 போட்டிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். நீங்க பாராட்ட வேண்டியது விட்டத்தைத் தேர்ந்தெடுத்த ஆளை. நீங்களோ ஸ்டிக்கருக்குக் கற்பூரம் காட்டறீங்க.

மலைமிதி:
ஆக நாற்பது சதவீதம் உண்மைன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. நன்றி.

அரைமில்லி:
எங்க ஒத்துக்கிட்டேன்??

மலைமிதி:
நான் 40ன்னேன், நீங்க 43ங்கறீங்க. மூணுதானே வித்தியாசம். இன்னும் நீங்க 853 ஓட்டலை.

லக்_பிரியன்:
பெயின்டோட அளந்தீங்களா, சுரண்டிட்டு அளந்தீங்களா? பவுடர் கோட்டிங்னா தடிப்பு கூடும்.

மலைமிதி:
லட்டு மாதிரி இருக்கிற பெயின்டைச் சுரண்டச் சொல்றீங்களா? டிக் வெல்டுன்னாலே உங்களுக்கு வயித்தெரிச்சல்.

லக்_பிரியன்:
வயித்தெரிச்சல் எதுக்கு? லக் முனையை அரத்தால ராவி ராவி காகிதக் கனத்துக்குக் கொண்டுவர்றதைப் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தவன் நான். ஓரத்துல வெள்ளி மயிரிழையா ஓடி நிக்கும். அதுக்கு முன்னாடி உங்க வெல்டு, அடுக்கி வெச்ச சில்லறைக்காசு.

அரைமில்லி:
லக்_பிரியன், அழகு வேற, வேலை வேற. 2018ல காலமான இத்தாலிக்காரர் டாரியோ பெகோரெட்டி டிக் வெல்டிங்லதான் பேர் வாங்கினார். அவர் ஃபிரேமைப் பார்த்து சில்லறைக்காசுன்னு சொல்வீங்களா?

லக்_பிரியன்:
அவர் பெயின்டுக்குப் பேர் வாங்கினார்.

அரைமில்லி:
சாமி, உங்களோட பேச முடியாது.

மலைமிதி சார், இது உங்களுக்குப் பழக்கம். டயர் இழையிலயும் இப்படித்தான் 23 மில்லி டயர்ல 120 பிஎஸ்ஐ காத்து அடிச்சாத்தான் வேகம்னு நாலு பக்கம் நின்னீங்க. கடைசியில நீங்களே 32 மாட்டிட்டு வந்து நின்னீங்க, ஒரு வார்த்தை சொல்லலை. ஃபோட்டோல பார்த்தேன்.

மலைமிதி:
அது ரோடு மோசம், அதுக்காக மாட்டினது. என் ஃபோட்டோவை எதுக்கு உருப்பெருக்கிப் பார்க்கறீங்க?

வண்டமிழ்:
மீண்டும் கேட்கிறேன். விறைப்பு என்று தாங்கள் இருவரும் சொல்வது பக்கவாட்டில் நெளிவதையா, மேலிருந்து அதிர்வைத் தாங்குவதையா? முக்கோணச் சட்டகம் மேல்கீழாக அமுங்குவது மிகச் சொற்பம், டயர் அமுங்குவது அதைப்போல் பல மடங்கு. ஆகவே

மலைமிதி:
ஐயா, நீங்க குவளையைப் பாருங்க.

புதுமிதி:
அண்ணே, அட்வான்ஸ் கொடுத்துட்டேன். 650பியே போட்டுடலாம்னுட்டார். உள்பக்கம் துருப்பிடிக்காம எண்ணெய் பூசித் தர்றாராம், குழாய்க்குள்ள காத்துத் துளையும் விடறாராம். குழாய் பத்திக் கேட்டேன். மேல்குழாய் ஒரு கம்பெனி, பின்கால் வேறொரு கம்பெனி, என் எடைக்குத் தகுந்த மாதிரி கலந்து போடறாராம். ஸ்டிக்கர் எதுவும் ஒட்ட மாட்டாராம்.

மலைமிதி:
ஸ்டிக்கர் ஒட்ட மாட்டாரா? தம்பி, அட்வான்ஸைத் திருப்பிக் கேளு.

அரைமில்லி:
கேட்காதே தம்பி. 200.

மலைமிதி:
ஓட்டியிருக்கீங்களா?