அப்பச்சி ஹாலுக்கு ஸ்பீக்கர் (பெரிய வீடு குடும்பக் குழு. செட்டிநாட்டுப் பேச்சுல அப்பச்சின்னா அப்பா, பெரியப்பச்சின்னா பெரியப்பா, அண்ணமிண்டின்னா அண்ணன் மனைவி)

அண்ணாமலை (சிங்கப்பூர்): அண்ணே, ஒரு ஹோம் தியேட்டர் செட்டு பார்த்து வச்சிருக்கேன். 7.1, அதாவது ஏழு ஸ்பீக்கரும் அடிச் சத்தத்துக்கு ஒரு சப்வூஃபரும், 1200 வாட். இன்னைக்கு ராத்திரியோட ஆஃபர் முடியுது. போட்டுரவா? அப்பச்சி எண்பதுக்கு எல்லாரும் ஹால்ல உக்காந்து பார்க்கலாம்.

பழனியப்பன்: போடுப்பா. பாதிப் பணம் நான் தாரேன்.

மெய்யம்மை ஆச்சி: ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. கதிரேசன் அந்தத் தொழில்லயே இருக்கான், அவனை ஒரு வார்த்தை கேக்காம எதுக்கு? தம்பி கதிரேசா, பார்த்தியா?

கதிரேசன் (சென்னை): இப்பத்தான் பார்த்தேன் ஆச்சி. அண்ணாமலை அண்ணே, போட்டுராதீங்க. அந்தப் படங்கள்ல பெட்டியோட பின்பக்கம் இருக்கா? கரண்ட் எவ்வளவு இழுக்கும்னு ஸ்டிக்கர்ல இருக்கும், அதைப் பாருங்க.

அண்ணாமலை: இருக்கு. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 60 வாட்.

கதிரேசன்: சுவத்துல இருந்து 60 வாட் எடுத்து 1200 வாட் எப்படிண்ணே வெளிய தரும்? நியாயமாச் சொல்லணும்னா, அந்த 60 முழு சத்தத்துல அளந்தது இல்ல. ஆம்ப்ளிஃபையருக்குப் பொதுவா முழு பவர்ல எட்டுல ஒரு பங்குல ஓட்டித்தான் அளப்பாங்க. சரி, 1200ல எட்டுல ஒரு பங்கு 150. ஸ்பீக்கருக்கே 150 போகணும்னா சுவத்துல இருந்து 60 மட்டும் எடுத்தா எப்படிப் பத்தும்? எந்தக் கணக்குலயும் உதைக்குது.

கதிரேசன்: நானும் காலேஜ் படிக்கிறப்ப ஏமாந்தவன்தான். 3000 வாட் பி.எம்.பி.ஓ.ன்னு அட்டைப் பெட்டியில கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு. அப்பச்சி அனுப்புன மெஸ் பணத்தை மிச்சம் பிடிச்சு வாங்கினேன். ஒரு மாசத்துல கரகரன்னு ஆயிருச்சு. கழட்டிப் பார்த்தா டிரான்ஸ்ஃபார்மர் மேல 12-0-12, 3 ஆம்பியர்னு இருக்கு. 12ம் 12ம் சேர்ந்து 24 வோல்ட், அதை மூணால பெருக்குங்க, 72 வாட். தொடர்ந்து அதுக்கு மேல அந்தப் பெட்டிக்குள்ள வர வழியே இல்ல. அந்த டிரான்ஸ்ஃபார்மரை இன்னும் என் மேசையில வச்சிருக்கேன்.

பழனியப்பன்: பி.எம்.பி.ஓ. வேற, ஆர்.எம்.எஸ். வேறயா?

கதிரேசன்: ஆமாண்ணே. ஆர்.எம்.எஸ்.னா தொடர்ந்து தர்ற பவர். பி.எம்.பி.ஓ.ங்கிறதுக்கு ஒரு வரையறையே கிடையாது, அவங்கவங்க இஷ்டத்துக்குப் போட்டுக்கலாம். இந்த வாட் கூத்து தாங்காமத்தான் அமெரிக்காவுல 1974லயே ஆம்ப்ளிஃபையர் பவரை இப்படித்தான் அளந்து சொல்லணும்னு அரசாங்க விதியே போட்டாங்க. நல்ல கம்பெனி ரிசீவர்லயும், அதான் ஸ்பீக்கருக்கெல்லாம் பவர் தர்ற ஆம்ப்ளிஃபையர் பெட்டி, கீழ இருக்கிற பொடி எழுத்தைப் படிக்கணும். "100 வாட், 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10% டிஸ்டார்ஷன், ஒரு சேனல் மட்டும்"னு இருக்கும். அதையே 8 ஓம், 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும், ரெண்டு சேனலும் சேர்ந்து ஓடுறப்ப அளந்தா ரொம்பக் கம்மியா வரும். எண்ணுக்குப் பக்கத்துல என்ன நிபந்தனைன்னு பாருங்க. நிபந்தனை இல்லாத எண்ணை நான் கணக்குலயே எடுக்க மாட்டேன்.

அண்ணாமலை: சரி, அதை விட்டுட்டேன். தனித்தனியா ஸ்பீக்கர் வாங்கினா எதைப் பார்க்கணும்? ஒண்ணு 35 ஹெர்ட்ஸ்ல இருந்து 22 கிலோஹெர்ட்ஸ்ங்கிறான். இன்னொண்ணு 48ல இருந்து 20. முதல் தானே நல்லது?

கதிரேசன்: ரெண்டாவதுல ± 3 டெசிபெல்னு இருக்கா பாருங்க. டெசிபெல்னா சத்தத்தோட அளவு.

அண்ணாமலை: இருக்கு. முதல்ல ஒண்ணும் இல்ல.

கதிரேசன்: அப்ப நான் ரெண்டாவதைத்தான் நம்புவேன். 48க்கு மேல சத்தம் 3 டெசிபெலுக்கு மேல கூடாது, குறையாதுன்னு அவன் கையெழுத்துப் போட்ட மாதிரி. முதல் ஆளு 35ல 10 டெசிபெல் விழுந்தாலும் "35 வரைக்கும் வருது"ன்னு எழுதிக்கலாம். காதுக்குப் பாதிச் சத்தமாக் கேக்கும் அது. ஒரே ஸ்பீக்கரை ரெண்டு விதமா எழுதினாக் கூட இப்படித்தான் வரும்.

விசாலாட்சி அண்ணமிண்டி: தம்பி, நான் ஒண்ணு சொல்லட்டுமா. மாமாவுக்கு வாட்டெல்லாம் பிரச்சினை இல்ல. ரிமோட்டைக் கையிலயே வச்சிருக்காக. பேசுறப்ப ஏத்துறாக, சண்டை வந்தா இறக்குறாக. நேத்து ராத்திரி பாதிப் படத்துல "ஒண்ணும் விளங்கல தாயி"ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாக.

கதிரேசன்: அண்ணமிண்டி, இதைத்தான் முதல்ல கேட்டிருக்கணும். பெரியப்பச்சிக்கு வேண்டியது வசனம். 5.1 படத்துல பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கர்ல இருந்துதான் வரும். எட்டு ஸ்பீக்கருக்குப் பணத்தைப் பிரிச்சுக் கொடுத்தா அந்த நடு ஸ்பீக்கரும் சொத்தையாத்தான் வரும். என் யோசனை 3.1. முன்னாடி மூணு நல்ல ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். பின்னாடி உள்ளதைப் பொங்கலுக்கு வாங்கிக்கலாம், ரிசீவர்ல இடம் இருக்கும்.

கதிரேசன்: நடு ஸ்பீக்கர்னு படுக்கை வசத்துல விக்கிறது ஒண்ணு இருக்கு. ரெண்டு பக்கமும் கீழ்ச் சத்தத்துக்கு வூஃபர், நடுவுல கீச்சுச் சத்தத்துக்கு ட்வீட்டர். நேரா எதிர்ல உக்காந்தா நல்லா இருக்கும். நம்ம வீட்டுல விசேஷம்னா பாய் விரிச்சு ஓரம் வரைக்கும் உக்காருவோம்ல, ஓரத்துல ரெண்டு வூஃபர் சத்தமும் ஒண்ணை ஒண்ணு அடிச்சிக்கிட்டுக் குரல் மெலிஞ்சிரும். இடது, வலதுக்கு வாங்குற அதே ஸ்பீக்கரை நடுவுலயும் நிமித்தி வச்சிரலாம். டிவியைக் கொஞ்சம் மேல ஏத்தணும், அவ்வளவுதான்.

மெய்யம்மை ஆச்சி: அந்த ஹால்ல நாம பேசினாலே மோதித் திரும்பி வரும்டா. ஆத்தா கூப்பிட்டா எந்தப் பக்கம் இருந்து கூப்பிடுறாகன்னே தெரியாது.

கதிரேசன்: ஆச்சி சொல்றதுதான் பெரிய விஷயம். ஆத்தங்குடிக் கல்லு தரை, முட்டைச் சுண்ணாம்புப் பூச்சு சுவரு. ரெண்டும் கண்ணாடி மாதிரி வழுவழுன்னு இருக்கிறதாலதான் அவ்வளவு அழகு. அதனாலேயே சத்தத்தை விழுங்காது, திருப்பி அனுப்பிரும். முந்தின எழுத்தோட வாலு அடுத்த எழுத்து மேல விழுந்து ச, த, ப எல்லாம் மங்கிரும். வயசானா மேல் ஸ்தாயி முதல்ல மங்கும், அந்த எழுத்துகளுக்கு வேண்டியது அதுதான். பெரியப்பச்சி காதை மட்டும் குறை சொல்ல முடியாது. அண்ணே, ஹால் நடுவுல நின்னு பலமா ஒரு கைதட்டு தட்டி வாய்ஸ்ல அனுப்புங்க. ஃபேனை நிறுத்திருங்க.

பழனியப்பன்: 🎤 குரல் செய்தி 0:06

கதிரேசன்: கேட்டீங்களா, தட்டின பிறகு கணீர்னு இழுத்துக்கிட்டே போகுது. பந்திக்கு விரிக்கிற ஜமுக்காளம் உள்ளறையில இருக்குமே?

விசாலாட்சி அண்ணமிண்டி: பத்துப் பதினஞ்சு கெடக்கு. கல்யாணத்துக்கு விரிச்ச ரத்தினக் கம்பளமும் இருக்கு. பழைய இலவம்பஞ்சு மெத்தை நாலு பரண்ல.

கதிரேசன்: மெத்தைதான் தங்கம். ஜமுக்காளம் மெல்லிசு, கீச்சுச் சத்தத்தை மட்டும் குறைக்கும். கனமான பஞ்சு இன்னும் கீழ உள்ளதையும் பிடிக்கும். கம்பளத்தை டிவிக்கும் சாய்வு நாற்காலிக்கும் நடுவுல விரிங்க. ரெண்டு மெத்தையைப் பின்சுவத்துல சாத்துங்க, ரெண்டைப் பக்கத்துக்கு ஒண்ணா வைங்க. பைசா செலவில்ல.

அண்ணாமலை: அப்ப ஆம்ப்ளிஃபையர் எவ்வளவு வேணும்?

கதிரேசன்: சென்சிட்டிவிட்டின்னு ஒரு எண் இருக்கும். 87 டெசிபெல்னா, 1 வாட் கொடுத்தா 1 மீட்டர்ல 87. தூரம் ரெண்டு மடங்கு ஆனா 6 குறையும். நாற்காலி 4 மீட்டர்ல இருக்குன்னு வைங்க, 75. உச்சத்துக்கு 95 வேணும்னா இன்னும் 20 ஏறணும். 10 ஏறப் பத்து மடங்கு பவர் வேணும், 20க்கு நூறு மடங்கு, அதாவது 100 வாட். அதே இடத்துல 90 டெசிபெல் ஸ்பீக்கர்னா 50 வாட்டே போதும். மூடின அறையில சுவரும் கொஞ்சம் உதவும், அதனால இது மேல்மட்டக் கணக்கு. ஒண்ணு கவனிங்க, "2.83 வோல்ட்"னு போட்டிருந்தா ஓமையும் பாருங்க. 8 ஓம்ல அது 1 வாட். 4 ஓம்ல 2 வாட், அதாவது 3 டெசிபெல் சும்மா கூட்டிக் காட்டும்.

பழனியப்பன்: இவ்வளவையும் பார்த்து எந்தக் கம்பெனின்னு எப்படித் தேர்ந்தெடுக்க?

கதிரேசன்: ஸ்பீக்கரை அளந்து அந்த வரைபடத்தை வெளியிடுறவனைத் தேடுறேண்ணே. கனடாவுல தேசிய ஆராய்ச்சிக் குழுமத்துல ஃபிளாய்ட் டூல்னு ஒரு விஞ்ஞானி, எந்த ஸ்பீக்கர்னே தெரியாம ஆட்களைக் கேக்க வச்சு, அவங்க போட்ட மார்க்கை அளவுகளோட ஒப்பிட்டாரு. 1985, 86ல கட்டுரையா வந்துச்சு. நேரா வர்ற சத்தமும் பக்கவாட்டுல போற சத்தமும் ஏத்த இறக்கம் இல்லாம ஒரே சீரா இருக்கிறதைத்தான் பெரும்பாலானவங்க விரும்பினாங்க. அந்த வழியில வந்ததுதான் சி.டி.ஏ. 2034ங்கிற அளவு முறை. அந்தப் படத்தை வெளியிட்டிருந்தா ஒரு பார்வையில தெரிஞ்சிரும். நம்ம ஹால்ல பக்கவாட்டுச் சத்தம்தான் சுவத்துல பட்டுத் திரும்பும், அதனால நமக்கு அது ரொம்ப முக்கியம். ரெண்டு மாடல் பார்த்து வச்சிருக்கேன். டெமோவுக்குக் கொண்டாரேன், பெரியப்பச்சி கேக்கட்டும்.

மெய்யம்மை ஆச்சி: நல்லது. அண்ணாமலை, அந்த ஆஃபரை மூடிரு.

அண்ணாமலை: மூடிட்டேன் ஆச்சி.

விசாலாட்சி அண்ணமிண்டி: தம்பி, கம்பளம் விரிச்சு மெத்தையும் சாத்தியாச்சு. இப்பக் கேளு.

விசாலாட்சி அண்ணமிண்டி: 🎤 குரல் செய்தி 0:04

கதிரேசன்: நல்லாவே குறைஞ்சிருக்கு அண்ணமிண்டி! அந்த இழுவை போயிருச்சு. பழைய டிவியிலயே இன்னைக்குச் செய்தி போட்டுப் பாருங்க.

விசாலாட்சி அண்ணமிண்டி: போட்டாச்சு. ரிமோட்டு நாற்காலிக் கையில கெடக்கு. மாமா இன்னும் தொடலை.

கதிரேசன்: மெத்தையை எடுத்துராதீங்க. சனிக்கிழமை பல்லவன்ல வாரேன். அண்ணே, காரைக்குடி ஸ்டேஷனுக்கு வண்டி கொண்டாங்க, மூணு ஸ்பீக்கர் பெட்டி இருக்கும்.