டைப் சிஸ்டம் எழுதியவர்களே, இன்னும் உறுத்தும் ஒரு அனுபவத்தைச் சொல்லுங்கள்

அரைப்புள்ளி:
கம்பெனியில் விலை விதிகளை எழுத ஒரு சின்ன மொழி செய்தோம். டைப் செக்கர், அதாவது எண், எழுத்து என்று மதிப்புகளின் வகைகள் (டைப்) தப்பாகக் கலக்காமல் ஓடும் முன்பே பார்க்கும் பகுதி, என் பொறுப்பு. ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) ஒரு ஆப்ஜெக்ட் (பொது வகை) என்றால் ஸ்ட்ரிங் அரேயும் (ஸ்ட்ரிங்குகளின் வரிசை) ஆப்ஜெக்ட் அரேதான் என்று விதி வைத்தேன். ஜாவாவிலேயே இருக்கிறதே என்ற தைரியம். ஆறு மாதம் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் டெஸ்டிங்கில் இருந்த பெண் நாலு வரி எழுதிக் காட்டினார். ஒரு ஸ்ட்ரிங் அரே. அதற்கே ஆப்ஜெக்ட் அரே என்று இன்னொரு பெயர். அந்தப் பெயர் வழியாக 42-ஐ உள்ளே போடுகிறார். பழைய பெயரில் எடுத்து, நீளம் கேட்கிறார். நாலு வரிக்கும் என் செக்கர் சரி என்றது. ஜாவாவாவது ஓடும்போது சோதித்து அரேஸ்டோர்எக்ஸெப்ஷன் என்ற பிழையை வீசும். நான் அந்தச் சோதனையையும் வைக்கவில்லை. 42-ஐ மெமரி முகவரி என்று எடுத்துக்கொண்டு புரோகிராம் விழுந்தது.

கட்டெறும்பு:
ஜாவா மேல் பழி போடாதீர்கள். 1996-இல் அது வெளிவந்தபோது ஜெனரிக்ஸ், அதாவது ஒரே கோடைப் பல டைப்புக்கும் பொருந்தும்படி எழுதும் வசதி, கிடையாது. 2004-இல் ஜாவா 5-இல்தான் வந்தது. அதுவரை எந்த ஆப்ஜெக்ட் அரேயையும் வரிசைப்படுத்த ஒரே மெத்தட் எழுத வேண்டுமென்றால் வேறு என்ன வழி? உங்கள் மொழியில் ஜெனரிக்ஸ் இருந்ததா, அதைச் சொல்லுங்கள்.

என் கதை எம்எல் என்ற மொழியின் பக்கம். டைப்பை எழுதாமலே கண்டுபிடிக்கும் ஹிண்ட்லி-மில்னர் இன்ஃபரன்ஸை நானே எழுதி, லெட் (ஒன்றுக்குப் பெயர் வைப்பது) வரும் இடமெல்லாம் டைப்பைப் பொதுவாக்கினேன். ரெஃப் (உள்ளே இருப்பதை மாற்றக்கூடிய பெட்டி) சேர்த்த அன்று ராத்திரி, காலி லிஸ்ட்டுக்கு ஒரு ரெஃப் செய்தேன். அது எந்த டைப் லிஸ்ட்டாகவும் மாறத் தயாராக இருந்தது. எண்ணைப் போட்டேன், பூலியனாக (உண்மை/பொய்) எடுத்தேன். பிழையே வரவில்லை. எம்எல்லின் ஒரு வடிவமான எஸ்எம்எல் 97-இல் வேல்யூ ரெஸ்ட்ரிக்‌ஷன் என்று, மதிப்பாகவே இருப்பதை மட்டும் பொதுவாக்கலாம் என்ற விதி எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது.

இரவுப்பறவை:
என்னுடையது நல், அதாவது ‘எதுவும் இல்லை’ என்று குறிக்கும் மதிப்பு. எல்லா டைப்பிலும் அதை அனுமதித்துவிட்டு, இரண்டு வருஷம் கழித்து மூடப் பார்த்தேன். எங்கள் சொந்த லைப்ரரியிலேயே பிழைகள் திரை நிற்காமல் ஓடின.

புதிதாக மொழி செய்பவர்கள் முதல் நாளே இதை முடிவு செய்துவிடுங்கள். 1965-இல் அல்கால் டபிள்யூ மொழியில் நல்-ஐ வைத்த கணினி விஞ்ஞானி டோனி ஹோரே, 2009-இல் அதைத் தன் பில்லியன் டாலர் தவறு என்றார். சேர்ப்பது அவ்வளவு சுலபமாக இருந்ததாம். டார்ட் மொழி 2021-இல் நல் பாதுகாப்பைக் (அனுமதித்த இடத்தில் மட்டுமே நல்) கொண்டுவந்தது. பழைய கோடும் புதிய கோடும் கலந்து ஓட இடம் கொடுத்து, 2023-இல் டார்ட் 3-இல்தான் பழையதை நிறுத்த முடிந்தது. அப்புறம், செக்கர் மறுக்க வேண்டிய புரோகிராம்களுக்கென்று தனி ஃபோல்டர் வையுங்கள். ஏற்க வேண்டியதை எல்லோரும் டெஸ்ட் செய்வார்கள், மறுக்க வேண்டியதுதான் விட்டுப்போகும். புது அம்சம் ஒன்று வந்தால், பழையவை ஒவ்வொன்றோடும் ஜோடி சேர்த்துப் பாருங்கள். கட்டெறும்புக்கு லெட்டும் சரி, ரெஃபும் சரி. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் ஓட்டை.

அரைப்புள்ளி:
ஜெனரிக்ஸ் இருந்தது, கட்டெறும்பு. அதனால்தான் இன்னும் உறுத்துகிறது. இப்போது அரேயைப் படிக்க மட்டும் என்றால் அந்தப் பழைய விதி செல்லும்; எழுதவும் வேண்டுமென்றால் டைப் அப்படியே பொருந்த வேண்டும். மறுக்க வேண்டியவற்றுக்கு எங்களிடமும் ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதில் முதல் ஃபைல் அந்த நாலு வரிதான்.