தடையுத்தரவை மீறி வயலில் இறங்கினால்: அனுபவப் பகிர்வு

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
மாவட்ட நீதிமன்றத் தடையுத்தரவை மீறியவரை அவமதிப்புக்காகத் தண்டிக்க இலங்கையின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 663ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனாலும் அவமதிப்பு மனுக்கள் தோற்பது, உத்தரவை எதிராளியிடம் சேர்ப்பித்ததைக் காட்டும் இடத்தில்தான். எதிராளிக்கு உத்தரவு தெரிந்திருந்தது என்பதை நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்ட வேண்டும். படுவான்கரையில் (மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம்) பல வீடுகளுக்கு இலக்கமே இல்லை. பிஸ்கால் (நீதிமன்றக் கட்டளைகளைச் சேர்ப்பிக்கும் அலுவலர்) 'ஆளைக் காணவில்லை' என்று எழுதித் திருப்பினால் மனு அதோடு சரி. தகப்பன் பெயர், அடையாள அட்டை இலக்கம், பக்கத்துக் கோயில், ஒழுங்கை எல்லாம் எழுதிக் கொடுங்கள். விதைப்புக் காலத்தில் ஆள் வீட்டில் இருக்கமாட்டார், வயல் வாடியையும் (வயலில் தங்கும் குடிசை) குறிப்பிடுங்கள். ஆளைக் காட்டக்கூடிய ஒருவரையும் கூட அனுப்புங்கள். பிஸ்காலின் சத்தியக் கடதாசியில் நாள், நேரம், யார் கையில் கொடுத்தது என்பது தெளிவாக இருக்கிறதா என்று வழக்கேட்டில் உடனே பாருங்கள். ஆறு மாதம் கழித்துத் திருத்த முடியாது.

அக்கரைப்பற்றிலிருந்து:
களுவாஞ்சிக்குடி அண்ணன் சொன்னதோடு நாள் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிராளியைக் கேட்காமல் கொடுக்கும் முதல் தடுப்புக் கட்டளை பொதுவாக 14 நாளுக்குத்தான். பன்னிரண்டாம் நாள் கையில் கிடைத்தால் மிச்சம் இரண்டு நாள். பதினைந்தாம் நாள் உழவு இயந்திரம் இறங்கினால் அவமதிப்பே இல்லை. முடியுமுன் நீடிப்புக் கேட்க வேண்டும், நீடித்த கட்டளையையும் திரும்பச் சேர்ப்பிக்க வேண்டும். இதைத்தான் ஆட்கள் மறக்கிறார்கள்.

கட்டளையில் காணியை விவரிக்கும் அட்டவணையில் வட்டையின் (வயல்வெளி) பெயர், ஏக்கர் அளவு, நாலு எல்லை இல்லாவிட்டால் "நான் உழுதது வரம்புக்கு அங்கால" என்று தப்பிவிடுவார்.

வாழைச்சேனையிலிருந்து:
அக்கரைப்பற்றுக் காக்கா (அண்ணன்) சொன்னது மாவட்ட நீதிமன்றத்துக்கு. நம் பக்கத்துக் காணிச் சண்டைகளில் பாதி, 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் (அமைதி குலையக்கூடிய காணிப் பிணக்குகளுக்கானது) வருகிறவை. அங்கே இறுதிக் கட்டளையை மீறுவது 73ஆம் பிரிவின்படி தனிக் குற்றம்: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். அதை விட்டுவிட்டு அவமதிப்பு என்று மனு எழுதி நாளைக் கடத்தாதீர்கள். இந்த வழக்கில் அறிவித்தலைக் காணியிலும் ஒட்டுவார்கள். மாரி மழையில் அது கரைந்துவிடும், ஒட்டியவுடனே காணி தெரியப் படம் எடுத்து வையுங்கள். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் தகவல் நீதிமன்றத்துக்குப் போகும்படி பார்க்க வேண்டும், பொலிஸ் இழுத்தடித்தால் சத்தியக் கடதாசியோடு நேரே தாக்கல் செய்யலாம்.