அம்மாவுடன் திருச்சிப் பயணம்: செலவுக் காசையும் டிப்ஸையும் எப்படிக் கையாள்வது?

கேள்வி: கோண்டாவில் மகள்

அம்மாவின் முழங்கால் சிகிச்சைக்காக அடுத்த மாதம் பலாலி விமான நிலையத்திலிருந்து திருச்சிக்குப் புறப்படுகிறோம். சிகிச்சை முடிந்ததும் சிதம்பரத்துக்குப் போய் வரவேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. யாழ்ப்பாணத்தில் யாருக்கு என்ன கொடுப்பது என்பது பழகிய விடயம்; அங்கே எங்களுக்கு அந்தப் பழக்கமில்லை. குறைத்துக் கொடுத்து ஒருவருடைய மனதை நோகச் செய்ய விருப்பமில்லை. கேட்பவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுக்க வசதியும் இல்லை. மருத்துவமனைக்குரிய முற்பணத்தை டொலராகக் கொண்டுபோவதா, அட்டையில் செலுத்துவதா? அப்பா வைத்துவிட்டுப் போன இந்திய 2000 ரூபாத் தாள்கள் சிலவும் அலுமாரியில் இருக்கின்றன. அவை செல்லுமா?

பதில்: வடமராட்சியான்

முதலில் அந்தத் தாள்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், தங்கச்சி. 2000 ரூபாத் தாளை இந்திய ரிசர்வ் வங்கி 2023 மே மாதத்தில் புழக்கத்திலிருந்து மீளப் பெற்றது. சட்டப்படி அது செல்லாக்காசு ஆகவில்லை என்றாலும், கடைக்காரர் வாங்கமாட்டார். வங்கிக் கிளைகளில் மாற்றுவதற்கான காலமும் அதே ஆண்டு ஒக்டோபரில் முடிந்துவிட்டது. அவற்றை நம்பிச் செலவுக் கணக்குப் போடவேண்டாம்.

இலங்கை ரூபாவை அங்கே மாற்றுவது கடினம். மாற்றினாலும் விலை கட்டாது. கடவுச்சீட்டையும் விமானச்சீட்டையும் காட்டி இங்கேயே வங்கியில் டொலர் வாங்கிக்கொண்டு, விமான நிலையத்தில் அன்றைய செலவுக்கு மட்டும் மாற்றுங்கள். மீதியை நகரத்தில் அனுமதி பெற்ற நாணய மாற்றுநரிடம் பற்றுச்சீட்டுடன் மாற்றலாம்.

மருத்துவமனை முற்பணம்தான் நீங்கள் மிகவும் கவனிக்கவேண்டிய இடம். 2017 ஏப்ரல் முதல், ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 இலட்சம் இந்திய ரூபாவையோ அதற்கு மேற்பட்ட தொகையையோ ரொக்கமாகப் பெறுவதை அந்நாட்டு வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. ஆகவே, பெருந்தொகையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைவதை விட, வங்கி மூலம் அனுப்பலாமா, எந்த அட்டையை ஏற்பார்கள் என்பதை மருத்துவமனையின் வெளிநாட்டு நோயாளர் பிரிவிடம் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்வதே பாதுகாப்பானது. உங்கள் அட்டையை வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்துவிடும்படி வங்கியிடம் சொல்லுங்கள். அட்டையில் செலுத்தும்போது உறுதிசெய்யக் கேட்கும் கடவுக்குறியீடு குறுஞ்செய்தியாக வரும் என்பதால் இலங்கை சிம்மும் வேலை செய்யவேண்டும். அட்டை இயந்திரம் எந்த நாணயத்தில் கழிக்கலாம் என்று கேட்டால், இந்திய ரூபாவையே தெரிவு செய்யுங்கள். மற்றதில் மாற்று விகிதம் நமக்கு நட்டமாகவே இருக்கும்.

பதில்: யாழ்ப்பாணத் திருநெல்வேலி வாசகி

தேநீர்க் கடை, பூக்கடை எல்லாவற்றிலும் கியூஆர் அட்டை ஒட்டியிருக்கிறது. பணம் வந்து சேர்ந்ததும் பக்கத்திலுள்ள சிறு பெட்டி தொகையை உரக்கச் சொல்லும். அங்குள்ளவர்கள் கைபேசியிலேயே செலுத்திவிடுவதால், 500 ரூபாத் தாளை நீட்டினால் கடைக்காரரிடம் சில்லறை இருக்காது. நாணயம் மாற்றும் இடத்திலேயே பத்து, இருபது, ஐம்பது ரூபாத் தாள்களாகக் கொஞ்சம் கேட்டு வாங்கிவிடுங்கள், டிப்ஸுக்கும் அவையே உதவும்.

சாதாரண சைவ உணவகத்தில் பில்லும் பெருஞ்சீரகமும் வைத்த சிறு தட்டு வரும். இருவர் சாப்பிட்டால் அதில் பத்து அல்லது இருபது ரூபா வைத்தால் போதும். குளிரூட்டிய பெரிய உணவகமென்றால் பில்லில் ஐந்து முதல் பத்து வீதம் வரை வைக்கலாம். இங்குள்ள பெரிய ஹோட்டல்களைப் போலச் சேவைக் கட்டணத்தை அவர்களாகவே பில்லில் சேர்த்திருந்தால், அதை நீக்கும்படி தயங்காமல் கேட்கலாம். அதைக் கட்டாயமாக அறவிடக்கூடாது என்று இந்திய மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வழிகாட்டல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. ஜிஎஸ்டி வேறு. அது வரி, கட்டியே ஆகவேண்டும்.

ஓட்டோவுக்கு டிப்ஸ் தேவையில்லை, ஏறுமுன் வாடகையைப் பேசிக்கொள்ளுங்கள். சிதம்பரத்துக்கு வாடகைக் கார் பிடிப்பதானால், ஓட்டுநருக்கான பேட்டாவும் (நாட்படி) சுங்கச்சாவடிக் கட்டணமும் வாடகைக்குள் அடங்குமா என்று முதலிலேயே கேட்டுவிடவேண்டும். பேட்டா கொடுத்த பின்னும், வழியில் அம்மாவைக் கைபிடித்து இறக்கி ஏற்றிய மனிதருக்கு ஒரு நூறு ரூபாவும் மதியச் சாப்பாடும் கொடுப்பது நியாயம்தான்.

பதில்: ஓய்வுபெற்ற தாதி, மானிப்பாய்

திருநெல்வேலித் தங்கை சொன்னவற்றில் பெரும்பாலானவை சரி. ஆனால் மருத்துவமனையை உணவகத்தைப் போலக் கருதவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தாதியருக்குக் காசு நீட்டுவது அவர்களைச் சங்கடப்படுத்தும். அவர்கள் பெயரைக் குறிப்பிட்டு நிர்வாகத்துக்கு ஒரு பாராட்டுக் கடிதம் எழுதினால் அது அவர்களுக்கு உண்மையிலேயே பயன்படும். சக்கர நாற்காலி தள்ளுபவருக்கும் அறை துப்புரவு செய்யும் பெண்ணுக்கும் ஐம்பதோ நூறோ கொடுக்கலாம், ஆனால் வீடு திரும்பும் நாளில் கொடுங்கள். முதல் நாளே கொடுத்தால், அவர்கள் உங்களையே முதலில் கவனிக்கப்போய், பக்கத்துக் கட்டிலில் கொடுக்க வசதியற்ற நோயாளி காத்திருக்க நேரிடும். பணம் கொடுக்கவேண்டாம் என்று அறிவிப்பு வைத்திருந்தால், அதை மதித்து நடவுங்கள்.

இன்னொன்று, மகள். ஒரு இந்திய ரூபா ஏறத்தாழ மூன்றரை இலங்கை ரூபா என்று ஒவ்வொரு முறையும் பெருக்கிப் பார்த்தால் இருபது ரூபா கொடுக்கவும் கை வராது. அந்த ஊரில் அந்த இருபது ரூபாவுக்கு ஒரு தேநீரும் வடையும் வாங்கலாமா என்று பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மிக்க நன்றி. கோயிலில் என்ன செய்வது என்பதையும் யாராவது சொல்வீர்களா?

பதில்: வடமராட்சியான்

தமிழ்நாடு அரசின் அறநிலையத் துறைக் கோயில்களில் அர்ச்சனைச் சீட்டைக் கருமபீடத்தில் வாங்கிவிட்டு, தட்டில் விரும்பியதை இடலாம். சிதம்பரம் அத்துறையின் கீழ் இல்லை. அக்கோயிலின் பரம்பரை அர்ச்சகர்களான பொது தீட்சிதர்களே நிர்வகிக்கிறார்கள். பூசைக்கு எவ்வளவு என்பதைத் தொடங்குமுன் பணிவாகக் கேட்டுவிடுங்கள், கேட்பதில் தவறில்லை. நாணய மாற்றுப் பற்றுச்சீட்டுகளைப் பயணம் முடியும்வரை பத்திரமாக வைத்திருங்கள். மீந்த ரூபாவைத் திருச்சியிலேயே மீண்டும் டொலராக்கும்போது அவற்றைக் கேட்பார்கள்.