சேமித்த தொப்புள்கொடி இரத்தத்தின் தரத்தை எதைக் கொண்டு அளப்பது?

கடலூர்க்காரன்:
2019-இல் என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தபோது, ஒரு தனியார் வங்கியில் தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமித்தோம். பழைய கோப்பைப் புரட்டியபோது அவர்கள் அனுப்பிய சான்றிதழ் கையில் அகப்பட்டது. 'உட்கரு உள்ள செல்கள் 32 கோடி, உயிர்ப்பு 96 விழுக்காடு' என்று அச்சிட்டு, கீழே 'வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது' என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள். இந்தச் சேமிப்பே வீண் என்று இத்தளத்தில் பலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 1988-இல் பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் எலியான் குளுக்மன் குழுவினர், ஃபான்கோனி இரத்தசோகை (எலும்பு மஜ்ஜை செயலிழக்கும் ஒரு பரம்பரை நோய்) கண்ட சிறுவனுக்கு அவன் தங்கையின் தொப்புள்கொடி இரத்தத்தைச் செலுத்திக் காப்பாற்றினார்கள். 27 ஆண்டுகள் உறைநிலையில் இருந்த இரத்தத்திலிருந்தும் வேலை செய்யும் ஸ்டெம் செல்களை, அதாவது புதிய இரத்த அணுக்களை உண்டாக்கும் மூலச் செல்களை, மீட்க முடியும் என்று அமெரிக்க ஆய்வாளர் ஹால் பிராக்ஸ்மயரின் குழு காட்டிவிட்டது. அதற்கு மேலும் தரத்தில் என்ன சந்தேகம்?

ஆய்வகவாசி:
கடலூர்க்காரன் அவர்களே, உங்கள் சான்றிதழில் உள்ள எண்ணையே எடுத்துக்கொள்வோம். இந்த ஸ்டெம் செல்களை நோயாளிக்குச் செலுத்தும் மாற்று சிகிச்சைக்கு, அவருடைய உடல் எடையில் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 2.5 கோடி செல்கள் வேண்டும் என்பது பொதுவாகக் கடைப்பிடிக்கப்படும் அளவு. 32 கோடியை 2.5 கோடியால் வகுத்தால் 12.8 கிலோ வருகிறது. அதாவது இரண்டு, மூன்று வயதுக் குழந்தைக்கு மட்டுமே அந்தப் பை போதும், பள்ளிக்குப் போகிற உங்கள் மருமகளுக்கே போதாது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 150 கோடி தேவைப்படும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் உரிமம் தருவதற்குக் கேட்கும் குறைந்த அளவே 50 கோடி. தானமாகப் பெற்றுத் தேவைப்படும் யாருக்கும் தரும் பொது வங்கிகளில் பல, 90 கோடிக்குக் கீழே இருந்தால் பையை உறைய வைப்பதே இல்லை. அப்படியிருக்க, 'வெற்றிகரமாக' என்ற சொல்லுக்கு அந்த முத்திரையில் என்ன பொருள் என்பதை நீங்கள் வங்கியிடம் கேட்க வேண்டும்.

அந்த 96 விழுக்காடும் உறைய வைப்பதற்கு முன் எடுத்த கணக்காகவே இருக்கக்கூடும். நோயாளியின் உடலில் ஏறுவது உருக்கிய பிறகு பிழைத்திருக்கும் செல்கள்தான். பையோடு ஒட்டி, விரல்நீளக் குழாய்த் துண்டுகளில் அதே இரத்தத்தைச் சேர்த்து உறைய வைப்பது அதற்காகத்தான். சிகிச்சைக்கு முன் ஒரு துண்டை வெட்டி உருக்கி, சி.டி.34 என்ற அடையாளப் புரதம் கொண்ட ஸ்டெம் செல்கள் எத்தனை உயிரோடு இருக்கின்றன, அவை வளர் ஊடகத்தில் கூட்டம் கூட்டமாகப் பெருகுகின்றனவா என்று பார்ப்பார்கள். பிராக்ஸ்மயரின் ஆய்வு, ஒழுங்காக உறைய வைத்த இரத்தம் காலத்தால் கெடுவதில்லை என்று சொல்கிறது. தொடக்கத்திலேயே செல் குறைந்த பையை எத்தனை ஆண்டுகள் வைத்திருந்தாலும் செல்களின் எண்ணிக்கை பெருகப்போவதில்லை.

கடலூர்க்காரன்:
12.8 கிலோ என்ற கணக்கை நான் போட்டுப் பார்த்ததில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மருத்துவம் நின்ற இடத்தில் நிற்பதில்லையே. தொப்புள்கொடி செல்களை ஆய்வகத்தில் பெருக்கித் தரும் ஒமிடுபிசெல் சிகிச்சைக்கு 2023-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது. இங்குள்ள வங்கிகளும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் பெற்றுத்தான் நடக்கின்றன.

ஆய்வகவாசி:
ஒமிடுபிசெல்லுக்கு எடுப்பது நோயாளிக்குப் பொருந்துகிற, செல் நிறைந்த, வேறொருவர் கொடுத்த இரத்தம். மெலிந்த பையை மீட்டுத் தரும் வழியாக அதை எண்ண வேண்டாம். உரிமத்தைப் பொறுத்தவரை, 2023 நவம்பரில் சிங்கப்பூர் சுகாதார அமைச்சு வெளியிட்ட செய்தியைப் பாருங்கள்: உரிமம் பெற்று நடந்த ஒரு தனியார் வங்கியில் ஏழு உறைகலன்கள் வரம்பை மீறிய வெப்பத்துக்கு ஆளாகியிருந்தன, ஏறத்தாழ 2,200 அலகுகள் சேதமாகிவிட்டன. பொது வங்கியின் பையை ஏதோ ஒரு நாட்டு மருத்துவர் கேட்டுச் சோதித்துக்கொண்டே இருப்பார். தனியார் வங்கியின் பைகளில் பெரும்பாலானவற்றை யாரும் கேட்பதே இல்லை. அதனால் தவறு வெளியே தெரியப் பல ஆண்டுகள் ஆகின்றன. என் மனத்தை உறுத்துவது இதுதான்.

அறந்தாங்கி அம்மா:
இருவர் சொல்வதிலும் எங்கள் வீட்டு நிலைமை விடுபடுகிறது. என் மூத்த மகனுக்குத் தலசீமியா என்ற பரம்பரை இரத்தநோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றுகிறோம். அவனுடைய சொந்தத் தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமித்திருந்தாலும் பயன் இருந்திருக்காது, ஏனெனில் அதே மரபணுக் குறை அதிலும் இருந்திருக்கும். இரண்டாவது முறை கருவுற்றபோது சேமிக்கச் சொன்னவர் மருத்துவர்தான். உடன்பிறந்தோருக்குத் திசு பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. எங்கள் இளையவளுக்குப் பொருந்தியது, நோயும் இல்லை. பிரசவ அறையில் செவிலியர் அந்தப் பையை மெதுவாக அசைத்தபடியே சிறு தராசில் நிறுத்ததை நான் படுத்தபடியே பார்த்தேன். குழந்தைக்குச் சேர வேண்டிய இரத்தம் சேரட்டும் என்று மருத்துவர் ஒரு நிமிடம் காத்திருந்துதான் கொடியைக் கவ்வியால் இறுக்கினார். பையில் கிடைத்தது 70 மில்லி. குறைவாக இருந்தால் பாப்பா சற்று வளர்ந்தபின் அவளுடைய எலும்பு மஜ்ஜையையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்.

ஆய்வகவாசி:
அம்மா, உங்கள் மருத்துவர் செய்தது முழுக்கச் சரி. வீட்டில் ஏற்கெனவே நோயாளி இருக்கும்போது சேமிப்பதை நான் எதிர்க்கவில்லை; இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகளும் அதை எதிர்க்கவில்லை, குழந்தையின் பிற்காலச் சொந்தத் தேவைக்கென்று சேமிப்பதற்குத்தான் அறிவியல் அடிப்படை இல்லை என்கின்றன. பையை நிரப்புவதற்காகக் கொடியை முந்தி இறுக்காமல் இருந்தாரே, அதற்கு அவருக்குத் தனியாக நன்றி சொல்லுங்கள்.

கடலூர்க்காரன்:
அம்மா எழுதியதைப் படித்தபின் வங்கிக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். சி.டி.34 எண்ணிக்கை, கிருமிச் சோதனையின் முடிவு, குழாய்த் துண்டுகள் எத்தனை மிச்சம் இருக்கின்றன, கலனின் வெப்பநிலைப் பதிவு ஆகியவற்றைக் கேட்டிருக்கிறேன். என்றாலும் ஆய்வகவாசி அவர்களுடன் முழுதாக உடன்படவில்லை. தங்கை மீண்டும் கருவுற்றிருக்கிறாள். பிறக்கப்போகும் பிள்ளைக்கு மூன்று வயதுக்குள் ஏதேனும் வந்து, திசுவும் பொருந்தினால், அந்த 12.8 கிலோ போதுமானதாக இருக்கும். அந்த வாய்ப்பு மிகச் சிறியது என்று தெரிந்தே கட்டணத்தைத் தொடர்கிறோம். வங்கியின் பதில் வந்ததும் இங்கே பதிகிறேன். அந்த எண்களை நீங்கள்தான் படித்துச் சொல்ல வேண்டும்.